வண்டியின் மட்டம்

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவன்)

எங்கள் குடும்பத்திற்குச் சோறு போடுவது ஒரு பிக்கப் வண்டி. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, இரவோடு இரவாகப் பாலக்காட்டில் இறக்குவது என் தந்தையாரின் தொழில். பாரமில்லாதபோது வண்டியின் பின்புறம் தூக்கியும் முகப்புத் தாழ்ந்தும் நிற்கும். "என்ன அண்ணே, உங்கள் வண்டி எல்லோருக்கும் கும்பிடு போடுகிறதே!" என்று மற்ற ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள். "முன்பக்கத்தை உயர்த்திவிடலாம் அப்பா" என்று யோசனை சொன்னவன் நான்தான். பட்டறையில் முன் ஸ்பிரிங்குகளில் ஆளுக்கொரு பட்டை கூடுதலாகச் சேர்த்தார்கள். வண்டி மட்டப்பலகை வைத்தாற்போல் நின்றது.

அன்றிரவே ஒரு டன் தக்காளியுடன் புறப்பட்டோம். விளக்கொளியைத் தாழ்த்தித்தான் வந்தோம். ஆயினும் எதிரே வந்தவர்கள் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினார்கள். பொள்ளாச்சிக்கு அருகில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் கண் கூசித் தடுமாறி, சாலையை விட்டே இறங்கிவிட்டார். நல்லவேளையாக அடியில்லை. பின்னால் அமர்ந்திருந்த அவர் மனைவியின் மடியில் கைக்குழந்தை இருந்தது. எனக்கு உடல் நடுங்கிவிட்டது.

காரணம் என்ன? சுருள்வில்லின் மீட்சி எல்லைக்குள், விசைக்கு ஏற்ப அதன் நீட்சியோ சுருக்கமோ அமையும் என்பது 1678-இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி. நாம் ஆய்வுக்கூடத்தில் எடைக்கற்களைத் தொங்கவிட்டுக் காண்பதும் இதுவே. பட்டை ஸ்பிரிங்கும் பாரத்திற்கு ஏற்பவே அமிழ்கிறது. பிக்கப்பின் சரக்குத் தொட்டி பெரும்பாலும் பின் அச்சின் மேல் இருப்பதால், பாரமும் பெரும்பாலும் அங்கேயே இறங்குகிறது. அந்த அமிழ்வுக்கு இடம் வைத்துத்தான் பின்புறத்தை உயர்த்தி அமைக்கிறார்கள்.

எங்கள் வண்டியை அளந்து பார்த்தேன். காலியாக இருக்கையில் பின்புறச் சட்டம் முன்புறத்தைவிட 5 சென்டிமீட்டர் உயரமாக இருந்திருக்கிறது. பாரம் ஏற்றினால் அந்த 5 சென்டிமீட்டரும் மறைந்து மட்டமாகிவிடும். நாங்களோ காலி வண்டியை மட்டமாக்கிவிட்டோம். ஆகவே பாரம் ஏறியதும் முகப்பு 5 சென்டிமீட்டர் நிமிர்ந்துவிட்டது. அச்சுகளுக்கு இடையே தூரம் 250 சென்டிமீட்டர். எனவே சாய்வு ஐம்பதில் ஒன்று. அதாவது 50 மீட்டர் தொலைவில் விளக்கொளி ஒரு மீட்டர் மேலே போகிறது! சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரில் வருபவரின் கண்ணில் விழுந்தது.

மறுநாளே அந்தப் பட்டைகளைக் கழற்றிவிட்டோம். "பின்பக்கத்தில் ஒரு பட்டையை எடுத்தாலும் மட்டமாகுமே?" என்று கேட்டேன். மேஸ்திரி சிரித்தார். "அப்போ பாரத்தை யார் தாங்குவது தம்பி?" என்றார்.

அவரிடம் ஒன்று கற்றுக்கொண்டேன். சமமாக இருக்க வேண்டியது இடமும் வலமுமே. சமதரையில் வண்டியை நிறுத்தி, டயர்களின் காற்றைச் சரிபார்த்து, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபுறமும் அளக்க வேண்டும். ஒருபுறம் தாழ்ந்திருந்தால் பட்டை தளர்ந்திருக்கலாம், அல்லது முறிந்திருக்கலாம். புதுப் பட்டை போடும்போது இருபுறமும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

நண்பர்களே, தேர்வில் ஹூக் விதிக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அதன் பொருள் எனக்குப் புரிந்தது பொள்ளாச்சிச் சாலையில்தான். எங்கள் வண்டி இன்றும் கும்பிடு போட்டபடியே நிற்கிறது. கேலி செய்பவர்களிடம் தந்தையார், "பாரம் ஏற்றிவிட்டு வந்து பாருங்கள்" என்கிறார்.