ஷஃபிள் பட்டனை ஆஃப் பண்ணிட்டு கேளுங்க... ராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'

திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கம் இளையராஜான்னு பேச்செடுத்தா, முதல்ல வந்து நிக்கிறது 'ரமண மாலை'தான். ரமணர் மேல அவருக்கு இருக்கும் பக்தி ஊரறிந்த விஷயம். ஆனா, 14 கிலோமீட்டர் கிரிவலத்தையும் ராஜாவைக் கேட்டுக்கிட்டே முடிக்கிற ஆளா நீங்க? அப்போ இன்னொரு ஆல்பமும் உங்க போன்ல இருக்கணும். 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்?' பாடல் வரிகளே இல்லாத, முழுக்க வாத்திய இசை.

தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் ராஜா செய்த சமர்ப்பணம் இது. நிஜத்துல அவங்க ரெண்டு பேரும் சந்திச்சிருக்கவே முடியாது. பாக் இறந்தது 1750-ல், தியாகராஜர் பிறந்தது 1767-ல்!

ரெண்டையும் சேர்க்கிறதுல என்ன கஷ்டம்? கர்னாடக இசையில ஸ்வரம் நேரா நிக்காது. கமகத்துல அசைஞ்சு, வழுக்கிப் போகும். பாக்கின் 'ஃபியூக்' வேற ரகம். ஒரு குரல் ஒரு மெட்டைச் சொல்லி முடிச்சதும், இன்னொரு குரல் அதையே வேற ஸ்வரத்துல ஆரம்பிக்கும். முதல் குரலும் சும்மா இருக்காது, கூடவே வேறொண்ணு பாடும். இப்படிப் பல குரல் ஒண்ணா ஒலிக்கும்போது, அசையுற ஸ்வரம் பக்கத்துல இருக்கிறதோட மோதிடலாம். ரெண்டு பாஷையும் பேசத் தெரிஞ்ச வாத்தியம் வயலின். அதை வாசிச்ச வி.எஸ்.நரசிம்மன்தான் இந்த ஆல்பத்தின் உயிர். இதைச் சும்மா 'ஃப்யூஷன்'னு சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரலை.

'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' கேளுங்க. பாக் ஒத்தை வயலினுக்காக எழுதின 3-வது பார்ட்டிட்டாவின் தொடக்கம் அதுல ஓடும். அதைச் சுத்தி ராஜா தன் இசையைப் பின்னியிருப்பார். அடுத்த டிராக் பேரு, '...அண்ட் வி ஹேட் எ டாக்'. 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்... பேசிக்கொண்டிருந்தோம்'னு ஒரே வாக்கியம், ரெண்டு டிராக்! ஷஃபிள்ல போட்டா வாக்கியமே உடைஞ்சிடும். பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ரசிகர்களுக்கு இந்த வலி புரியும்.

முதல் தடவை பிடிபடலையா? பாலுமகேந்திராவின் 'வீடு' (1988) பாருங்க. சொந்த வீடு கட்டப் படுற பாடுதான் கதை, பாட்டே கிடையாது. பின்னணியில ஒலிக்கிறது இந்த ஆல்பத்தின் இசைதான். பாக் யாருன்னே தெரியாதவங்களும் அதைக் கேட்டுக் கலங்கியிருக்காங்க.