படம் ஓடுகிறது, பேச்சைக் காணோம்!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

தமிழ்ப்படம் வாய் திறந்து பேசியது 1931ஆம் ஆண்டில், ‘காளிதாஸ்’ படத்தில். அத்துடன் மௌனப்படக் காலம் முடிந்தது என்று நாம் படித்திருக்கிறோம். ஆனால் சென்ற பொங்கல் விடுமுறையில், தருவைகுளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, நான் ஒரு மௌனப்படம் பார்த்தேன். அதை எடுத்தவனும் நானே!

படத்தில் பேசியவர் எங்கள் தெருவிலுள்ள தாத்தா ஒருவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதில் இளம்பிள்ளையாக மூழ்கியவர் அவர். பிறகு பல ஆண்டுகள் சங்கு குளித்தவர். கல்லூரி விழாவில் திரையிட எட்டு நிமிடக் குறும்படம் ஒன்று தயாரிக்க எண்ணி, என் நண்பனின் கைப்பேசியில் அவர் பேச்சை இருபத்திரண்டு நிமிடம் பதிவு செய்தோம். காலை வைத்து இறங்கும் கல், மேலே தோணியில் கயிறு பிடித்து நிற்கும் துணையாள், தோலாயிரம் பார், சிப்பிகளை மூடியது மூடியபடியே ஆயிரக் கணக்கில் ஏலம் விடும் முறை எல்லாம் சொன்னார். இடையில் இரண்டு முறை மூச்சு வாங்கியது. “இதுக்கு மேல என்னால ஆவாது, பேரப்புள்ள” என்று முடித்துக்கொண்டார். இன்னொரு முறை கேட்கும் துணிவு எங்களுக்கு இல்லை.

கைப்பேசியில் இடமில்லாமையால் நண்பன் அந்தக் கோப்பைப் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு, கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டான். என்னிடம் இருந்தது, என் அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற அரசு மடிக்கணினி. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய அத்திட்டத்தில் வழங்கிய கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் ‘பாஸ்’ என்ற இந்திய லினக்சும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. பிள்ளைகளில் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. எங்கள் கணினியில் விண்டோஸ் நடக்கவே தள்ளாடியதால் நான் லினக்சில் குடியேறினேன். இலவசமாகக் கிடைத்த ஒரு தொகுப்பு மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்து, தாத்தாவையே அழைத்து உட்காரவைத்துக் காட்டினேன்.

தாத்தா உதடசைக்கிறார், கை ஆட்டுகிறார், சிரிக்கிறார். ஓசை இல்லை! பார்த்துக்கொண்டிருந்த தாத்தாவோ, “நல்லா இருக்கு” என்று தலையாட்டி மகிழ்ந்தார். சங்கு குளித்ததில் அவருக்குக் காது எப்போதோ போய்விட்டது. ஒலி வந்திருந்தாலும் அவருக்கு அவ்வளவுதான் கேட்டிருக்கும்.

அவர் போனபின் நண்பன் சொன்னான்: “மைக்குல மணல் போயிருக்கும்ல. சத்தமே பதியல. இத அழிச்சிட்டு வேற யாரையாவது எடுப்போம்.” அழிக்கும் விசையில் அவன் விரல் இருந்தபோது, கடைசியாக ஒரு முறை பார்க்கலாமே என்று வி.எல்.சி. என்ற சாதாரணப் படக்காட்டியில் திறந்தேன். “தண்ணிக்கடியில போனதும் காது அடைச்சிக்கிடும்...” என்று தாத்தாவின் குரல் கணீரென்று வந்தது.

ஒரே கோப்பு, ஒரே கணினி. ஒரு மென்பொருளுக்குக் கேட்பது மற்றொன்றுக்குக் கேட்கவில்லை. இது எவ்வாறு? இதைத்தான் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

ஒலி என்பது காற்றின் அழுத்த மாறுபாடு என்பதை நாம் அறிவோம். அந்த அழுத்தத்தைக் கைப்பேசி ஒரு விநாடிக்கு 48,000 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளில் எழுதினால், இடம் வலம் என்ற இரு தடங்களுக்கும் சேர்த்து விநாடிக்கு 15,36,000 பிட்டுகள் ஆகும். இப்படிக் குறைக்காமல் எழுதுவதற்குப் பி.சி.எம். என்று பெயர். எங்கள் இருபத்திரண்டு நிமிடத்தை அவ்வாறு எழுதினால் ஏறத்தாழ 253 மெகாபைட் இடம் வேண்டும். ஒலிக்கே இவ்வளவு என்றால் படத்துக்கு எங்கே போவது? ஆகவே கைப்பேசி அதைச் சுருக்குகிறது. பலத்த ஓசை ஒன்று ஒலிக்கும்போது அதை ஒட்டிய மெல்லோசை நம் காதுக்கு எட்டாது. எட்டாததை ஏன் எழுதவேண்டும் என்று அதைக் கழித்துவிடும் கணிதமுறைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஏ.ஏ.சி.; 1997இல் தரப்படுத்தப்பட்டது. ஒவ்வொரு தடத்திலும் 1,024 அளவுகளை ஒரு கட்டாக எடுத்து, அதிர்வெண்களாகப் பிரித்து, வேண்டாதவற்றை நீக்கிச் சுருக்குகிறது. விநாடிக்கு 1,28,000 பிட்டு என்ற கணக்கில் அதே பேச்சு ஏறத்தாழ 21 மெகாபைட்டில் அடங்கிவிடும். பன்னிரண்டில் ஒரு பங்கு!

சுருக்கியதை மீண்டும் விரித்தால்தான் ஒலிபெருக்கிக்குப் புரியும். விரிக்கும் வேலையைச் செய்வதே டிகோடர். அது இல்லாத மென்பொருளுக்கு ஏ.ஏ.சி. என்பது படிக்கத் தெரியாத எழுத்து.

நிற்க. கோப்பின் பெயருக்குப் பின்னால் எம்.பி.4 என்று இருக்கிறதே, அது என்ன? பலரும் மயங்கும் இடம் இதுதான், நானும் மயங்கினேன். எம்.பி.4 என்பது வெறும் சிப்பி. உள்ளே படம் ஒரு முறையிலும் ஒலி வேறொரு முறையிலும் இருக்கலாம். எம்.ஓ.வி., எம்.கே.வி. என்பனவும் சிப்பிகளே. எங்கள் ஊர்ச் சிப்பி ஏலத்தைப் போலத்தான்: ஓட்டைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. “இந்த மென்பொருள் எம்.பி.4ஐத் திறக்கும்” என்று விளம்பரத்தில் படித்தால் சிப்பியைத் திறக்கும் என்றுதான் பொருள், உள்ளே இருப்பதைப் படிக்கும் என்று பொருளல்ல.

அப்படியானால் படம் மட்டும் எப்படி ஓடியது? படத்தை விரிக்கும் பாரத்தைப் பெரும்பாலும் கணினியின் வரைகலைச் சில்லே தூக்கிக்கொள்கிறது. ஒலிக்கு அப்படி ஓர் உதவியாள் இல்லை. மென்பொருளே செய்துகொள்ள வேண்டும்.

சரி, ஏ.ஏ.சி.யைப் படிக்கும் கருவியை அந்த மென்பொருளில் சேர்த்துவிட்டால் என்ன? அறிவியலைப் பொறுத்தவரை தடை ஏதுமில்லை. தடை காப்புரிமையில் இருக்கிறது. ஏ.ஏ.சி.யின் காப்புரிமைகள் பல நிறுவனங்களிடம் உள்ளன. கருவியைச் சேர்த்து விற்கும் நிறுவனங்கள் கட்டணம் செலுத்தவேண்டும். விண்டோசிலும் மேக்கிலும் இயங்குதளத்தோடு அந்தக் கருவி சேர்ந்தே வருகிறது. தொகுப்பு மென்பொருள்கள் அதை இரவல் வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் விலையின்றிக் கிடைக்கும் லினக்சில் கட்டணத்தை யார் செலுத்துவது? ஆகவே சில லினக்ஸ் வெளியீடுகள் இத்தகைய கருவிகளை முதலில் தராமல், வேண்டுவோர் தனியாக நிறுவிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கின்றன. உபுண்டுவில் ‘உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்’ என்ற பொதி அத்தகையது. எம்.பி.3க்கும் நெடுங்காலம் இதே நிலைதான். 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜெர்மனியின் பிரான்ஹோபர் நிறுவனம் அதன் உரிமத் திட்டத்தை முடித்துக்கொண்ட பின்னரே அது கட்டின்றி உலவியது. வாட்ஸ்அப் குரல்பதிவில் இருக்கும் ஓபஸ் என்ற முறையோ 2012இல் தரமானபோதே கட்டணமின்றி உபயோகிக்க வெளியிடப்பட்டது.

வி.எல்.சி. எப்படிப் பேசியது என்று கேட்பீர்கள். அது தனக்கு வேண்டிய கருவிகளைத் தன்னுடனேயே வைத்திருக்கிறது. அக்கருவிகளில் பெரும்பாலானவற்றின் பிறப்பிடம் எஃப்எஃப்எம்பெக். பிரான்சு நாட்டுக் கணிப்பொறி விஞ்ஞானி பாப்ரிஸ் பெல்லார்ட் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. கேடன்லைவ், ஷாட்கட், ஓப்பன்ஷாட் ஆகிய தொகுப்பு மென்பொருள்களும் ஒலியை விரிக்க அதையே நாடுகின்றன. ஆனால் இங்கும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே கேடன்லைவைக் கணினியின் பொதிக் களஞ்சியத்திலிருந்தும் நிறுவலாம்; ஆப்இமேஜ், பிளாட்பேக் என்ற வடிவங்களிலும் பெறலாம். முதல் வகை, கணினியில் ஏற்கெனவே உள்ள எஃப்எஃப்எம்பெக்கை உபயோகிக்கும். மற்ற இரண்டும் கட்டுச்சோறு கொண்டுவரும் பயணியைப் போலத் தமக்கு வேண்டியதைத் தாமே கொண்டுவருகின்றன. எனவே களஞ்சியத்திலிருந்து வந்தது ஊமையானால் ஆப்இமேஜை முயன்று பார்ப்பது வீண்வேலை அல்ல.

இனி, ஓசை வராதபோது எதை முதலில் பார்ப்பது? தொகுப்பு மென்பொருளில் ஒலித்தடத்தில் அலைவடிவம் வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். மேடும் பள்ளமுமாக அலை தெரிந்தால், ஒலி சரியாக விரிந்துவிட்டது. குற்றம் ஒலிபெருக்கிப் பக்கம். ஒலியடக்கும் பொத்தான் அழுத்தியிருக்கலாம், ஒலி வேறு கருவிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். (இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: கழுத்தில் தொங்கிய புளூடூத் கருவிக்கு ஒலியை அனுப்பிவிட்டு, அரைமணி நேரம் மென்பொருளைத் திட்டியிருக்கிறேன்.) அலையே இல்லாமல் நேர்கோடாகவோ, ஒலித்தடமே வராமலோ இருந்தால் விரிப்பதில் கோளாறு இருக்கலாம். அப்போது எஃப்எஃப்எம்பெக்குடன் சேர்ந்து வரும் எஃப்எஃப்புரோப் என்ற கட்டளையைக் கோப்பின் பெயரோடு கொடுத்தால், சிப்பியைத் திறந்து உள்ளிருப்பதைச் சொல்லிவிடும். எங்கள் கோப்புக்கு, ஒலி: ஏ.ஏ.சி., 48,000 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று காட்டியது. கட்டளை எழுத அஞ்சுவோர்க்கு மீடியாஇன்போ என்ற மென்பொருள் அதையே பட்டியலாகத் தரும்.

ஒலித்தடம் இருப்பது உறுதியானால் பரிகாரம் எளிது. எஃப்எஃப்எம்பெக்கிடம், படத்தைத் தொடாமல் அப்படியே நகலெடு என்றும், ஒலியை மட்டும் 16 பிட் பி.சி.எம். ஆக விரித்து எழுது என்றும் சொல்லவேண்டும். புதிய கோப்பை எம்.ஓ.வி. சிப்பியில் வைப்பது நல்லது, எம்.பி.4இல் பி.சி.எம்.ஐ வைத்தால் பல மென்பொருள்கள் ஏற்பதில்லை. படத்தை மறுபடி சுருக்காததால் எங்கள் கிழட்டுக் கணினியிலேயே இரண்டு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. பி.சி.எம்.ஐப் படிக்கத் தெரியாத தொகுப்பு மென்பொருளை நான் இன்னும் காணவில்லை. இடம் மிச்சமாகுமே என்று எம்.பி.3க்கு மாற்றாதீர்கள். ஒரு முறை கழித்ததில் இன்னொரு முறை கழிப்பதாகும் அது. பி.சி.எம். ஆக்குவதால் முன்பு போனது திரும்பி வராது. இருப்பது மேலும் போகாது.

கோப்பே பழுதாவது வேறு கதை. பதிவின் நடுவே கைப்பேசி அணைந்துவிட்டால், ‘மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்’ என்ற பிழைச்செய்தி வரும். எம்.பி.4 கோப்பின் பொருளடக்கத்தைக் கைப்பேசி பதிவு முடிந்த பிறகே எழுதுகிறது. அணைந்த கருவி அதை எழுதவில்லை என்பதே செய்தியின் பொருள். படமும் ஒலியும் உள்ளே கிடக்கும். எது எங்கே என்ற பட்டியல்தான் இல்லை. அதே கைப்பேசியில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அன்ட்ரங்க் என்ற மென்பொருள் பல சமயம் அந்தப் பட்டியலை மறுபடி அமைத்துத் தருகிறது. ஆகவே திறக்காத கோப்பையும் அவசரப்பட்டு அழிக்கவேண்டாம்.

எங்களுக்கு ஒலி வந்த மகிழ்ச்சியும் நெடுநேரம் நீடிக்கவில்லை. முதல் ஐந்து நிமிடம் எல்லாம் சரி. பத்தாம் நிமிடத்தில் தாத்தா வாயை மூடிய பிறகும் சொல் வந்தது. இருபதாம் நிமிடத்தில் அவர் சிரித்து முடித்தபின் சிரிப்பொலி கேட்டது. கிராமத்துக் கூத்தில் பின்பாட்டுக்காரர் தூங்கிவிட்டதுபோல! காரணம், தாத்தாவின் வீட்டு இருட்டு. வெளிச்சம் குறைந்தால் கைப்பேசி ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது; விநாடிக்கு 30 படம் என்பது 24 ஆகிறது, மறுபடி ஏறுகிறது. ஒலியோ மாறாமல் 48,000 என்ற கணக்கிலேயே செல்கிறது. படங்கள் சீராக வருவதாக நினைத்துக்கொள்ளும் தொகுப்பு மென்பொருளில் இரண்டும் மெல்லப் பிரிகின்றன. இதற்குப் படத்தையும் சீரான வேகத்துக்கு மாற்றி எழுதத்தான் வேண்டும். கேடன்லைவ் இத்தகைய கோப்பைக் கண்டதும் தானே எச்சரித்து, மாற்றித் தரட்டுமா என்று கேட்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளிலும் செய்யலாம். இம்முறை இரண்டு நிமிடத்தில் முடியவில்லை. இரவு சாப்பிட்டுவிட்டுத் தொடங்கியது, அப்பா வலை ஏற்றப் புறப்பட்ட நேரத்தில்தான் முடிந்தது. “விடிய விடிய என்னத்தலே உருட்டுத?” என்று கேட்டுவிட்டு, நின்று சிறிது நேரம் பார்த்தார். கயிறு பிடிப்பவர் எத்தனை எண்ணுவார் என்று தாத்தா சொல்லும் இடம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கேட்டுவிட்டுத்தான் கடற்கரைக்குப் போனார்.

குறும்படத்தில் எட்டு நிமிடமே இடம்பெற்றது. மூலக்கோப்பை மாற்றாமல் இரண்டு இடங்களில் வைத்திருக்கிறேன்; பி.சி.எம். ஆக்கிய முழுப் பேச்சும் தனியே இருக்கிறது. கேட்க விரும்பும் நண்பர்களும் பேராசிரியர்களும் மதிய இடைவேளையில் பென்டிரைவுடன் வந்தால் நகல் எடுத்துத் தருகிறேன். மூன்று ஜி.பி. இடம் காலியாக இருக்கட்டும்.