கண்டியில் துவக்கும் குற்றமும்

ஈழத்துத் தமிழர் துவக்கு என்பர். தமிழகத்தார் துப்பாக்கி என்பர். இரு சொற்களும் துருக்கி மொழியிலிருந்து வந்தவை என்பது அறிஞர் கருத்து. சொல் கடல் கடந்து வந்ததாயினும், கருவியைக் கண்டியர் விரைவில் தமதாக்கிக் கொண்டனர். மலைக்குகைகளின் மண்ணிலிருந்து வெடியுப்பு எடுத்து மருந்து செய்தனர். கொடித்துவக்கு என்னும் சிறு பீரங்கியைக் கணவாய்களுக்குச் சுமந்து சென்று பகைவரை மறித்தனர். பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த இலேவுகே திசாவையின் பீரங்கியை 1765இல் ஒல்லாந்தர் கவர்ந்து சென்றனர். அது 2023இலேதான் தாய்நாடு திரும்பிற்று.

இத்தகைய மரபுடைய நாட்டில் இன்று வீடுதோறும் துவக்கு இல்லை. 1815இல் கண்டியரசு வீழ்ந்தபின் ஆயுதம் அரசின் கண்காணிப்புக்குள் அடங்கலாயிற்று. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம், திருத்தங்களுடன், இன்றும் நடைமுறையிலுள்ளது. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க விரும்பும் கமக்காரன் கச்சேரியில் அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும். ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்தலும் வேண்டும். சட்டத்துக்குப் புறம்பானது கட்டுத்துவக்கு. விலங்கு செல்லும் தடத்தில் கயிறு கட்டி, அது இடறியதும் வெடிக்குமாறு வைப்பது அது. பன்றியின் கால் எது, விறகுக்குப் போனவளின் கால் எது என்று கயிறு அறியாது.

துவக்கு மிகுந்தால் கொலையும் மிகுமோ? சுவிற்சர்லாந்தில் நூறு பேருக்கு இருபத்தைந்துக்கு மேற்பட்ட துவக்குகள் உண்டு. இலங்கையில் இரண்டு மூன்றே. ஆயினும் மக்கள் தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டால் கொலைகள் இலங்கையிலேயே அதிகம். சினத்தைத் துவக்கு பிறப்பிப்பதில்லை. காணித் தகராறு, குடி, மானம் பற்றிய வீறாப்பு ஆகியவை கத்தியைக் கொண்டும் தம் காரியத்தை முடித்துக்கொள்ளும்.

இவ்வுண்மையைக் கண்டி மாவட்டமே 2018 மார்ச்சில் கண்டது. தெல்தெனியவில் சிங்களச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டு இறந்தபின், திகன முதலிய இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. சமூக ஊடகங்களும் முடக்கப்பட்டன. அக்கும்பல்களின் கையிலிருந்தவை பெரும்பாலும் கல்லும் பொல்லும் பெற்றோல் குண்டுமே. வதந்தி ஒன்றே போதுமாயிருந்தது.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. அழிந்த சொத்துக்கள் ஏராளமாயினும் மாண்டோர் தொகை விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் நின்றது. அக்கும்பல்களிடம் கல்லுக்குப் பதில் துவக்கு இருந்திருப்பின் தொகை அவ்வாறு நின்றிராது. சினம் எத்தனை பேரைக் கொல்லும் என்பதைத் தீர்மானிப்பதில் கருவிக்குப் பெரும் பங்குண்டு.

அண்மைக் காலச் சூடுகள் வேறு வகையின. பாதாள உலகக் கூலிக்கொலைகள் அவை. 2025 பெப்ரவரி 19ஆம் நாள், கொழும்பு நீதிமன்றத்தினுள் சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் ஒருவன், கைதிக் கூண்டில் நின்றவரைச் சுட்டுக் கொன்றான். அவனுக்குத் துவக்கு வந்து சேர்ந்தது, உள்ளே குடையப்பட்ட சட்டப் புத்தகம் ஒன்றில் மறைத்து.