'அத்துவிட்டாச்சு' என்று நம்பி இருந்தோம்

என் தங்கை மகளுக்கு நடந்ததை எழுதுகிறேன். பெயர் வேண்டாம். ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போய்வருகிற பெண். கட்டிக் கொடுத்த இடத்தில் குடி, அடி. இரண்டே வருஷத்தில் கைக்குழந்தையோடு மம்சாபுரத்துக்கே திரும்பி வந்துவிட்டாள். இரண்டு தடவை சமாதானம் பேசிக் கொண்டுபோய் விட்டோம். மூன்றாவது தடவை, "கிணத்துல வேணா விழுறேன், அங்க போகமாட்டேன் பெரியம்மா" என்றாள்.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். 20 ரூபாய் ஸ்டாம்பு பேப்பரில் எழுதினார்கள். இன்று முதல் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை, ஜீவனாம்சம் கேட்பதில்லை, மறுமணத்துக்குத் தடையில்லை. இரண்டு பக்கமும் கையெழுத்து, நான்கு சாட்சி, நோட்டரி முத்திரை. போட்ட எட்டுப் பவுனில் ஐந்து பவுன் திரும்பி வந்தது. எழுதிக் கொடுத்தவருக்கு 1,500 ரூபாய் கூலி. அந்த முத்திரையைப் பார்த்ததும் கோர்ட் தீர்ப்பே கைக்கு வந்துவிட்ட மாதிரி எங்களுக்கு நிம்மதி. தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினாள் என் தங்கை.

நான்கு வருஷம் ஓடியது. அந்தப் பிள்ளையாண்டான் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு குழந்தையும் பிறந்துவிட்டது. நாங்களும் "போய்த் தொலையட்டும்" என்று இருந்தோம். இவளுக்கும் ஒரு நல்ல இடம் வந்தது. மனைவியை இழந்தவர். கல்யாணத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்றார். நியாயம்தானே! தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்ய வேண்டுமே. விசாரிக்கப் போனால், "முதல் கல்யாணத்துக்கு விவாகரத்துத் தீர்ப்பு நகல் எங்கே?" என்று கேட்டார்கள். தாளை எடுத்து நீட்டினோம். "இது செல்லாதும்மா" என்று ஒரே வார்த்தை.

நம் மாவட்டத்துக்குப் பெயர் விருதுநகர் என்றாலும், ஜில்லா கோர்ட் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கேயே சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எந்தப் பெண்ணுக்கும் அங்கே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். இது தெரியாமல் கூலி கொடுத்து வெற்றுத் தாள் வாங்கினோம் பாருங்கள்!

எங்களுக்கு அமர்ந்த வக்கீலம்மா பொறுமையாக விளக்கினார். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்தைக் கோர்ட்தான் பிரிக்க முடியும். சில சமுதாயங்களில் வழக்கப்படி அத்துவிடுவதைச் சட்டம் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் பத்திரம் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் 2002-லேயே சொல்லியிருக்கிறதாம். எங்கள் தாளில் வழக்கம் என்ற சொல்லே இல்லை.

"அப்ப என் பொண்ணு இன்னும் அவன் பெண்டாட்டியா?" என்று என் தங்கை அங்கேயே அழுதுவிட்டாள்.

எனக்கு அந்த இரண்டாவது பெண்ணை நினைத்துத்தான் பகீரென்றது. அவள் கழுத்தில் கட்டின தாலிக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. அவளும் அதே தாளைப் பார்த்து நம்பித்தானே கழுத்தை நீட்டியிருப்பாள்? அவள் குழந்தை மட்டும் சட்டப்படி முறையான குழந்தைதான் என்று கேட்டபிறகு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வக்கீலம்மா ஒரு நோட்டீஸ் அனுப்பினார். முதலில், "அதுதான் எழுதி வாங்கியாச்சே, இன்னும் என்ன?" என்று துள்ளினான். முதல் கல்யாணம் இருக்கும்போதே மறு கல்யாணம் செய்தால் ஏழு வருஷம் வரை சிறை என்று யாரோ எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரமே ஆள் வந்துவிட்டான்.

பரஸ்பர சம்மதத்தில் பிரிவது என்ற வழி 1976-இல் சட்டத்தில் சேர்ந்தது. ஒரு வருஷமாவது பிரிந்து இருக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து மனுப் போட வேண்டும். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ஆதார் கேட்டார்கள். மனுப் போட்டபின் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். ஆனால் ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிரிந்திருந்து, சேர வழியே இல்லாமல், குழந்தை, ஜீவனாம்சம் எல்லாம் பேசி முடித்திருந்தால் அந்த ஆறு மாதத்தைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. அதற்கும் தனியாக மனுக் கொடுத்தோம்.

ஜீவனாம்சம் கேட்பதில்லை என்று தாளில் எழுதியிருந்ததே, அதைக் கேட்டேன். "குழந்தைக்கு உரியதை விட்டுக்கொடுக்க அம்மாவுக்கும் உரிமை கிடையாது" என்றார். சம்மதம் கிடைக்காமல் வழக்காகப் போயிருந்தால், இருவரும் வருமானம், சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டியிருக்கும். 2020-இல் சுப்ரீம் கோர்ட் அப்படிச் சொல்லியிருக்கிறது. 'எனக்கு வருமானமே இல்லை' என்று கையை விரிப்பது முன்போல எளிதல்ல. எங்களுக்கு அந்த வேலை வரவில்லை. மாதம் 4,000 ரூபாய், குழந்தை அம்மாவிடம், மாதம் ஒரு ஞாயிறு அப்பா வந்து பார்க்கலாம் என்று பேசி மனுவிலேயே எழுதினோம்.

வாய்தா அன்று காலை முதல் பஸ்ஸில் போய், மதியம் வரை வராந்தாவில் இருந்தோம். ஒரே பெஞ்சின் இந்தக் கோடியில் இவள், அந்தக் கோடியில் அவன். ஆறு வயதுப் பேத்தி நடுவில் போவதும் வருவதும். அவன் பால்கோவா வாங்கிக் கொடுத்தான். வாங்கலாமா என்று அம்மா முகத்தைப் பார்த்தது பிள்ளை. இவள் தலையை ஆட்டினாள். கல்யாணக் கனவு கண்ட ஆண்டாள் ஊரில் இதற்காக வந்து உட்கார்ந்திருக்கிறோமே என்று எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது. நீதிபதி இருவரையும் கூப்பிட்டு, யாருடைய வற்புறுத்தலும் இல்லையே என்று கேட்டுக்கொண்டார். மூன்றாம் மாதம் தீர்ப்பு.

பெண் கேட்டவர் அதற்குள் வேறிடம் பார்த்து முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இவளும் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் வழக்கம்போல மில்லுக்குக் கிளம்பிவிட்டாள்.

பணம் முதல் இரண்டு மாதம் ஐந்தாம் தேதிக்குள் வந்தது. இந்த மாதம் 12 ஆகியும் வரவில்லை. நிறைவேற்று மனுப் போடலாம் என்கிறார் வக்கீலம்மா. திங்கட்கிழமை மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும்.

- ஒரு வாசகி, மம்சாபுரம்.