காத்திருத்தல் மருந்தாகாது

ஒரு வயது கடந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளையைப் பார்த்து, "தகப்பனும் பிந்தித்தான் பேசினவர்" என்று நாம் ஆறுதலடைகின்றோம். அது ஓட்டிசத்தின் ஆரம்ப அறிகுறியாகவும் இருக்கலாம். இலங்கையில் 2009இல் வெளியான ஆய்வொன்று, தான் பரிசோதித்த 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசத்தைக் கண்டது. இது தாயின் வளர்ப்பால் வந்த குறையன்று, இறைவனின் தண்டனையுமன்று.

பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டுடன் குடும்பநல உத்தியோகத்தரை அணுகுவதே முதற்படி. அவர் வழியாகச் சிறுவர் வைத்திய நிபுணரை நாடலாம். ஆயினும், கண்டறிந்த பின்னர் பேச்சுச் சிகிச்சை போன்றவை தொடர்ந்து நடைபெறல் வேண்டும். சாட்டியிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் செல்லும் ஒவ்வொரு பயணமும் கடற்றொழிலாளியின் ஒருநாள் உழைப்பை விழுங்கக்கூடும்; நெடுந்தீவுத் தாய்க்கோ படகும் வேண்டும். ஆதலின் சிகிச்சை தீவகத்தைத் தேடி வருதலே முறை. பெற்றோர் காத்திருத்தலாகாது, அவர்களைக் காக்க வைத்தலும் ஆகாது.