மூன்று ஷிஃப்ட் – 14: தலைமாட்டில் ஒரு துணை

ஒப்பந்த நர்ஸுகளின் சம்பளக் கணக்கை இந்த வாரம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் சம்பளத்துக்குப் போகும் வழியில் ஒரு பழைய ஆய்வு கையில் சிக்கியது. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

குவாத்தமாலாவில் நடந்த ஆய்வு அது. 1980 செப்டம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. ராபர்ட்டோ சோசா, ஜான் கென்னல், மார்ஷல் கிளாஸ் உள்ளிட்ட ஐந்து பேர் எழுதியது. முதல் பிரசவத்துக்கு வந்த பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவில் ஒவ்வொருவருக்கும் அட்மிஷனிலிருந்து குழந்தை பிறக்கும்வரை கூடவே ஒரு பெண். அவர் நர்ஸும் இல்லை, மருத்துவச்சியும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. முன்பின் அறியாத ஒருவர். முதுகைத் தேய்த்துவிடுவார், கையைப் பிடித்துக்கொள்வார், பேசிக்கொண்டிருப்பார். அவ்வளவுதான் அவர் வேலை.

சிக்கலில்லாமல் பிரசவித்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, துணையில்லாத பெண்களுக்கு அட்மிஷனிலிருந்து பிரசவம் வரை ஆனது சராசரியாக 19.3 மணி நேரம். துணையிருந்தவர்களுக்கு 8.8 மணி நேரம். பாதிக்கும் குறைவு! ஊசி இல்லை, மருந்து இல்லை, மெஷின் இல்லை. பக்கத்தில் ஒரு மனுஷி, அவ்வளவே.

என்னைத் தூங்கவிடாமல் செய்த எண் அதுகூட இல்லை. பிரிவுக்கு 20 பேர் சிக்கலின்றிப் பிரசவிக்க வேண்டும் என்பது கணக்கு. துணையிருந்த பிரிவில் அந்த 20 பேர் தேற 33 பெண்களைச் சேர்த்தால் போதுமாக இருந்தது. துணையில்லாத பிரிவில் 103 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் சிசேரியன், குழந்தைக்கு மூச்சுத் திணறல் என்று ஏதோ ஒரு சிக்கலில் விலகிப் போனார்கள். பிறந்தபிறகும் வித்தியாசம் இருந்தது. துணையோடு பெற்றவர்கள் கூடுதல் நேரம் விழித்திருந்தார்கள், குழந்தையைத் தடவிக்கொடுத்தார்கள், பார்த்துச் சிரித்தார்கள், பேசினார்கள்.

பிரிவுக்கு 20 பேர் என்பது சின்ன ஆய்வுதான். அதனால் அடுத்து வந்தவர்கள் விடாமல் சோதித்தார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2017-இல் இவற்றைத் தொகுத்தபோது 17 நாடுகளின் 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அந்தக் கணக்கில் இருந்தார்கள். வித்தியாசம் குவாத்தமாலா அளவுக்குப் பெரிதாக இல்லை, ஆனால் திசை மாறவில்லை: சுகப்பிரசவம் கூடுகிறது, வலி நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன். இந்தப் பின்னணியில் அந்த ஆய்வுகளைப் படிக்க வேண்டும்.

நம் மாநிலம் இதில் பின்தங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் உறவுப் பெண் ஒருவரை அனுமதிக்கலாம் என்று தமிழ்நாடு 2004-லேயே உத்தரவு போட்டுவிட்டது. மத்திய அரசு அதே முடிவுக்கு வந்தது 2016-இல். அப்போது மத்திய அரசு தந்த வழிகாட்டுதல் நடைமுறை தெரிந்தவர்கள் எழுதியது. துணைக்கு வருபவர் தானும் பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது; தொற்று நோய் இருக்கக் கூடாது; சுத்தமான உடை வேண்டும்; கடைசிவரை கூட இருக்க வேண்டும்; ஊழியர் வேலையில் குறுக்கிடக் கூடாது; அடுத்த கட்டில் பெண்ணைக் கவனிக்கப் போகக் கூடாது. கட்டிலுக்குக் கட்டில் மறைப்பு இருந்தால் கணவரும் வரலாம். அந்த மறைப்பு இல்லாததால்தான் பல இடங்களில் கணவர்கள் வாசலோடு நிற்கிறார்கள்.

2004 உத்தரவு வருவதற்கு முந்தைய காலத்தில் என் அக்காவைப் பிரசவத்துக்குச் சேர்த்த இடத்தின் பெயர் வேண்டாம். லேபர் வார்டு கதவுக்கு வெளியே அம்மா வயர் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார். கூடையில் ஃபிளாஸ்க், துவைத்த பழைய வேட்டித் துணி, ஒரு டம்ளர். உள்ளே அக்கா “அம்மா” என்று கத்துவது கேட்கும். அம்மா கதவைத் தொடுவார், ஆயா விரட்டுவார். குழந்தை பிறந்தபிறகு அக்கா முதலில் கேட்டது, “ஏம்மா நீ வரல?”

அன்று டூட்டியில் இருந்த சிஸ்டர் மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரிடம், எங்கள் பக்கத்துத் தெருதான், இதைச் சொன்னேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. “ராத்திரி டூட்டியில நான் ஒருத்தி, வலியில நாலு பேரு. ஒருத்திக்குத் தலை தெரியும்போது மத்த மூணு பேரும் எனக்குக் கேக்கவே மாட்டாங்க, தம்பி. கத்தாதேன்னு நானும் திட்டியிருக்கேன்” என்றார். பிறகு, “துணைக்கு ஆள் விட ஆரம்பிச்சப்புறம் திட்டுறது தன்னால கொறஞ்சுது” என்றார்.

நர்ஸிங் நெறிமுறை என்றால் பாடப்புத்தகத்தில் நோயாளியின் மாண்பு, தனிமை, சம்மதம் என்று வரிசையாக இருக்கும். அத்தனையும் சரி. ஆனால் நான்கு கட்டிலுக்கு ஒருத்தி என்கிற இரவில் அந்த மாண்பைக் காப்பாற்றச் சொல்வது அநியாயம். தாயோ மாமியாரோ உள்ளே வந்தால் அந்தப் பெண்ணுக்குத் தைரியம் வரும், நர்ஸுக்கும் பொறுப்போடு நடக்க ஒரு சாட்சி இருக்கும். அதற்காகத் துணை வந்துவிட்டார் என்று நர்ஸ் எண்ணிக்கையைக் குறைக்க இடம் தரக் கூடாது. ரத்தப்போக்கைக் கண்டுபிடிக்க அம்மாவால் முடியாது. குழந்தையின் இதயத் துடிப்பை அரை மணிக்கு ஒருமுறை கேட்டுக் குறித்துவைப்பது நர்ஸின் வேலை.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரப் பிரசவம் சாத்தியமானதே மூன்று ஸ்டாஃப் நர்ஸுகளை ஷிஃப்டுக்கு ஒருவராகப் போட்டதால்தான். இந்தத் தொடரின் தலைப்பே அதிலிருந்து வந்தது. இனி, முதலில் சொன்ன அந்தச் சம்பளக் கணக்கு: அரசுப் பணிக்கு 2015-இல் தேர்வெழுதி வந்த ஆயிரக்கணக்கான நர்ஸுகளுக்குத் தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் போராட்டமாக உட்கார்ந்த கதையை அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன்.

அதற்குள் உங்கள் வீட்டில் யாருக்காவது நாள் நெருங்கியிருந்தால் ஒன்று செய்யுங்கள். செக்கப்புக்குப் போகும்போதே, பிரசவ அறைக்குள் துணைக்கு யார் வரலாம் என்று சிஸ்டரிடம் கேட்டு வையுங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால் 2004 உத்தரவைச் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் அது யாரும் காட்டும் சலுகை இல்லை, உங்கள் உரிமை.