கூட்டுடைமை இலகு வானூர்தி

கூட்டுடைமை இலகு வானூர்தி என்பது, தனிமனிதர் சிலர் ஒன்றுசேர்ந்து வாங்கி, முறை வைத்துப் பறந்து, செலவைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் சிறிய வானூர்தியைக் குறிக்கும். இரண்டு முதல் நான்கு இருக்கைகளும் ஒற்றைப் பொறியும் கொண்ட வானூர்திகளே பெரும்பாலும் இவ்வாறு வாங்கப்படுகின்றன. பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா, ஆசுத்திரேலியா ஆகிய நாடுகளில் இம்முறை பரவலாக உள்ளது. இந்தியாவில் இது அரிது. இங்கு அதற்கு நெருக்கமான அமைப்பாக இருந்து வருவது பறத்தல் கழகம் ஆகும்.

ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் உண்டு. பொழுதுபோக்காகப் பறப்பவர் ஒருவர் அதில் 50 மணி நேரம் பறந்தாலே அதிகம். எஞ்சிய நேரமெல்லாம் வானூர்தி கொட்டகையில் நிற்கும். கொட்டகை வாடகை, காப்பீடு, ஆண்டுச் சோதனை ஆகியவை மட்டும் நிற்பதில்லை. நிற்கும் பொருளுக்கு ஆகும் செலவைப் பலர் மீது பரப்புவதே கூட்டுடைமையின் நோக்கம். ஆனால் செலவைப் பரப்பும்போது நேரத்தையும் பங்கிட வேண்டியுள்ளது. இவ்விரண்டு பங்கீடுகளுக்கும் ஒரே விதியைப் பயன்படுத்த முயலும் குழுக்களில்தான் பூசல் எழுகிறது.

(பங்காளி என்ற சொல் தமிழில் சண்டையையும் சேர்த்தே நினைவூட்டுவதால், இக்கட்டுரையில் பங்குடையவர் என்ற சொல் பயன்படுத்தப்படுகிறது.)

வரலாறு

டி ஆவிலாண்டு நிறுவனத்தின் டி.எச்.60 மோத் வானூர்தி 1925 பெப்ரவரியில் முதன்முதலாகப் பறந்தது. இறக்கைகளை மடித்துச் சிறிய கொட்டகையில் நிறுத்தக்கூடியதாகவும், ஒப்பீட்டளவில் மலிவானதாகவும் இருந்த இவ்வானூர்தி, பறத்தலைப் படைத்துறைக்கு வெளியே கொண்டுவந்தது. பிரித்தானிய அரசு அதே ஆண்டில் பறத்தல் கழகங்களுக்கு உதவித்தொகை அளிக்கத் தொடங்கியது. இந்தியாவிலும் 1920களின் இறுதியில் தில்லி, பம்பாய் முதலிய நகரங்களில் கழகங்கள் தோன்றின. பம்பாய்க் கழகத்தில் பயின்ற ஜே. ஆர். டி. டாட்டா 1929 பெப்ரவரியில் வானோட்டி உரிமம் பெற்றார். மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் 1929–30 காலப்பகுதியில் உருவாகி, மீனம்பாக்கத்தில் பல பத்தாண்டுகள் பயிற்சி அளித்தது.

கழகத்தில் வானூர்தி கழகத்துக்கு உரியது. உறுப்பினர் பறந்த மணிக்குக் கட்டணம் செலுத்துவார். கூட்டுடைமையில் வானூர்தி பங்குடையவருக்கே உரியது. ஆகவே அதன் இழப்பும் அவர்களுக்கே உரியது.

ஏரி முறையுடன் ஒப்பீடு

தமிழ் வாசகருக்கு இவ்வமைப்பை விளங்கிக்கொள்ளச் சிறந்த வழி காஞ்சிபுரம் வட்டாரத்து ஏரிப் பாசனம் ஆகும். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள பொது விமான நிலையம் மீனம்பாக்கமே; 2022இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர்த் திட்டம் பெரிய பயணிகள் விமானங்களுக்கானது. எனவே இலகு வானூர்தியை இவ்வூரார் அருகில் காண்பது அரிது. ஆனால் பொதுப்பொருளை முறை வைத்துப் பயன்படுத்துவதில் இம்மண்ணுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம் உண்டு.

ஏரியின் நீரை ஆயக்கட்டு முழுவதற்கும் ஒரே நாளில் பாய்ச்ச இயலாது. ஆகவே மடை வழியே வரும் நீர் முறை வைத்து விடப்பட்டது. முறையைக் கவனிக்க நீர்க்கட்டி என்னும் ஊழியர் இருந்தார். கரையைப் பலப்படுத்துவதும் வாய்க்காலைத் தூர்வாருவதும் குடிமராமத்து எனப்பட்டன. இதற்கான உழைப்பைப் பல ஊர்களில் அவரவர் நிலத்தின் அளவுக்கேற்பத் தந்தனர். கவனிக்க வேண்டியது யாதெனில், நீர் முறைப்படி வந்தது. மராமத்துச் சுமையோ நிலப்படி வந்தது. இரண்டும் வெவ்வேறு கணக்குகள்.

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) கல்வெட்டுகள் உள்ளன. குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்ற இவை, ஏரி வாரியத்துக்கு அறுவரைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தகுதி பெறார் என்பது அவற்றின் விதிகளுள் ஒன்று. இன்றைய வானூர்திக் குழுக்களுள் பலவற்றின் ஒப்பந்தங்கள் இவ்வளவு கண்டிப்பானவை அல்ல.

செலவுப் பங்கீடு

கூட்டுடைமை வானூர்தியின் செலவுகளை இரண்டாகப் பிரிக்கலாம். பறந்தாலும் பறக்காவிட்டாலும் வருவது நிலைச் செலவு: கொட்டகை வாடகை, காப்பீடு, ஆண்டுச் சோதனை, பதிவு தொடர்பான கட்டணங்கள். பறந்தால் மட்டும் வருவது மணிச் செலவு: எரிபொருள், எண்ணெய், சில்லுத் தேய்வு, பொறியின் தேய்வு. நிலைச் செலவைப் பங்கின்படியும், மணிச் செலவைப் பறந்த நேரத்தின்படியும் வசூலிப்பது பொதுவாக ஏற்கப்பட்ட முறையாகும்.

இதன் காரணம் ஓர் எடுத்துக்காட்டால் விளங்கும். பின்வரும் தொகைகள் விளக்கத்துக்காக மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டவை. ஆறு பேர் சமபங்குடன் ஒரு வானூர்தி வைத்துள்ளனர். ஆண்டு நிலைச் செலவு 4,32,000 ரூபாய்; தலைக்கு 72,000, அதாவது மாதம் 6,000. மணிச் செலவு 9,000 ரூபாய். இதில் எரிபொருள் 7,000, எண்ணெயும் சில்லறைப் பழுதும் 500, பொறிக்கான சேமிப்பு 1,500. ஒருவர் ஆண்டில் 10 மணி நேரமும், இன்னொருவர் 60 மணி நேரமும், மற்ற நால்வர் தலைக்கு 30 மணி நேரமும் பறக்கின்றனர். மொத்தம் 190 மணி நேரம். மொத்தச் செலவு 21,42,000 ரூபாய்.

எல்லாவற்றையும் கூட்டி ஆறால் வகுத்தால் ஒவ்வொருவரும் 3,57,000 ரூபாய் தர வேண்டும். பத்து மணி நேரம் பறந்தவருக்கு ஒரு மணி 35,700 ரூபாய் ஆகிறது. அறுபது மணி நேரம் பறந்தவருக்கோ 5,950 ரூபாய்தான். அவர் எரித்த எரிபொருளின் விலையைக்கூட அவர் கொடுக்கவில்லை.

மாறாக, எல்லாவற்றையும் மணிக் கட்டணத்தில் சேர்த்தால் மணிக்கு ஏறத்தாழ 11,274 ரூபாய் வரும். இது நியாயமாகத் தோன்றும். ஆனால் மழையாலோ பழுதாலோ அவ்வாண்டில் 100 மணி நேரமே பறக்க முடிந்தால், வசூல் 11,27,400 ரூபாய். செலவு 13,32,000 ரூபாய். துண்டு விழும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையை யார் தருவது என்ற கேள்வி ஆண்டிறுதியில் எழும். அப்போது குறைவாகப் பறந்தவர் தமக்குத் தொடர்பில்லை என்பார்.

பிரித்து வசூலித்தால், பத்து மணி நேரம் பறந்தவர் 1,62,000 ரூபாயும் அறுபது மணி நேரம் பறந்தவர் 6,12,000 ரூபாயும் தருவர். குறைவாகப் பறப்பவருக்கு மணிக்கு 16,200 ரூபாய் என்பது உறுத்தலாம். எனினும் அது விரும்பியபோது பறக்கும் உரிமைக்கான விலையே. நீர் பாய்ச்சாத பருவத்திலும் கரைக்கு மண் சுமந்த உழவரின் நிலை அது.

பறந்த நேரத்தை அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆப்சு மானி என்னும் கருவி கடிகார நேரத்தைப் பத்தில் ஒரு மணியாக, அதாவது ஆறு நிமிடக் கூறுகளாகக் கணக்கிடும். டாக்கோமீட்டர் பொறியின் சுழற்சியைக் கொண்டு கணக்கிடுவதால், பொறி மெதுவாகச் சுழலும்போது அதன் மணி மெதுவாகவே ஓடும். எந்த மானியைக் கொண்டு கட்டணம் என்பதை முதலிலேயே எழுதிவைத்தல் நன்று.

பொறி நிதி

வானூர்திப் பொறியை முழுவதும் பிரித்துப் புதுப்பிப்பதற்கு உற்பத்தியாளர் ஒரு கால அளவைப் பரிந்துரைப்பார். செசுனா 172 வானூர்திகள் பலவற்றில் உள்ள லைக்கோமிங் ஓ-320 பொறிக்கு இது 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டுகள் ஆகும். புதுப்பிக்க 30 இலட்சம் ரூபாய் ஆகும் எனக் கொண்டால், மணிக்கு 1,500 ரூபாய் ஒதுக்கினால் உரிய நாளில் பணம் சேர்ந்திருக்கும்.

குழு வாங்கும்போது பொறி ஏற்கெனவே 1,200 மணி நேரம் ஓடியிருந்தால் கணக்கு மாறும். எஞ்சியவை 800 மணி நேரமே. முழுத் தொகையும் சேர மணிக்கு 3,750 ரூபாய் ஒதுக்க வேண்டும். பல குழுக்கள் இதைக் கவனியாமல் 1,500 ரூபாயே வசூலித்து, புதுப்பிக்கும் நாளில் 18 இலட்சம் ரூபாய்க்குத் தவிக்கக்கூடும். முறையாகச் செய்தால், ஓடிய மணிகளின் மதிப்பை விற்பவரிடமே விலையில் கழித்து, அத்தொகையை நிதியில் இடுவர்.

நிதி குழுவின் பொதுக் கணக்கிலிருந்து தனியாக வைக்கப்படுகிறது. காப்பீட்டுத் தவணைக்காக அதிலிருந்து கைமாற்று எடுக்கும் குழு, பழைய பொறியை இன்னும் சிறிது காலம் ஓட்டலாம் என்று எண்ணத் தொடங்கும். பணக் கணக்கு பாதுகாப்புக் கணக்காக மாறும் இடம் இதுவே.

நேரப் பங்கீடு

முன்பதிவுக்கு இன்று இணையவழி நாட்காட்டிகளே பயன்படுகின்றன. முன்பு கொட்டகைச் சுவரில் தொங்கிய பதிவேடு இருந்தது. கருவி எதுவாயினும் சிக்கல் ஒன்றே: வார நாட்களில் வானூர்தி சும்மா நிற்கும், ஞாயிறு காலையில் எல்லோருக்கும் வேண்டும். முதலில் பதிந்தவருக்கே என்ற விதி மட்டும் இருந்தால், சுறுசுறுப்பான ஒருவர் மூன்று மாதத்து ஞாயிறுகளையும் எடுத்துக்கொள்வார். இதைத் தடுக்க, ஒருவர் ஒரே வேளையில் இரண்டு அல்லது மூன்று பதிவுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பு பயன்படுகிறது. சில குழுக்களில் ஒவ்வொரு வாரமும் ஒருவருக்கு முன்னுரிமை சுழற்சியாக வரும். அவர் குறிப்பிட்ட நாளுக்குள் பதியாவிட்டால் மற்றவர் பதியலாம். இதுவே ஏரி முறைக்கு மிக நெருங்கியது.

பல நாள் பயணத்துக்கு வேறு விதி தேவைப்படும். நான்கு நாள் வெளியூரில் நிறுத்திவைத்து இரண்டு மணி நேரம் மட்டும் பறந்தவர், அந்நான்கு நாளும் மற்றவருக்கு இல்லாமல் செய்கிறார். எனவே ஒரு நாளுக்குக் குறைந்தது இத்தனை மணி நேரக் கட்டணம் என்று வைப்பதுண்டு. ஆயினும் வானிலை கெட்டு வெளியூரில் தங்க நேர்ந்தவரிடம் இக்கட்டணத்தைக் கேட்கக் கூடாது. தாமதத்துக்குத் தண்டம் உண்டு என்று அஞ்சி ஒருவர் இடிமழையில் புறப்படுவதைவிட, அடுத்தவரின் முறை கெடுவது மேலானது.

பழுதும் பொறுப்பும்

கூட்டுடைமையில் மிகக் கடினமான பகுதி இதுவே. காப்பீட்டில் ஒரு குறிப்பிட்ட தொகை வரையிலான சேதத்தை உடைமையாளரே ஏற்க வேண்டும். அதை ஓட்டியவர் தருவதா, குழு தருவதா? ஓட்டியவரே முழுவதும் தருவது என்றால் அவர் கவனமாக ஓட்டுவார் என்பது ஒரு வாதம். ஆனால் கடினமாகத் தரையிறங்கிய ஒருவர், சொன்னால் செலவு தம் தலையில் விழும் என்று பேசாமல் வானூர்தியைக் கொட்டகையில் விட்டுப் போகவும் அது வழிசெய்யும். அடுத்த நாள் குடும்பத்துடன் பறக்க வருபவருக்குச் சக்கரத் தண்டில் வெடிப்பு இருப்பது தெரியாது.

ஆகவே, ஓட்டியவர் தருவதற்கு ஓர் உச்சவரம்பு வைத்து எஞ்சியதைக் குழு ஏற்பதும், தாமாகத் தெரிவித்த பழுதுக்கு ஓட்டியவரிடம் எதுவும் வசூலிக்காதிருப்பதும் அறிவுடைய ஏற்பாடு எனலாம். இதனுடன், ஐயம் எழுந்தால் எந்தப் பங்குடையவரும் வானூர்தியைத் தனியே நிறுத்திவைக்கலாம் என்ற விதியும் தேவை. நிறுத்த ஒருவர் போதும். மீண்டும் பறக்கவிடத் தகுதி பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் கையொப்பம் வேண்டும். வாக்கெடுப்பால் தீர்க்கக்கூடியது அன்று அது.

சட்ட நிலை

செலவைப் பங்கிடுதல் வேறு, கட்டணத்துக்குப் பறத்தல் வேறு. பிரித்தானிய விதிகளின்படி ஒரு வானூர்தியை 20 பேர் வரை கூட்டாக வைத்திருக்கலாம். ஒவ்வொருவருக்கும் குறைந்தது 5 விழுக்காடு பங்கு இருக்க வேண்டும். இவ்வரம்புக்குள் அவர்கள் தரும் ஆண்டுத் தொகையும் மணித் தொகையும் வணிகமாகக் கருதப்படுவதில்லை. அமெரிக்காவில் தனியார் வானோட்டி உரிமம் உடையவர், தம்முடன் வரும் பயணிகளோடு எரிபொருள், எண்ணெய், வானூர்தி நிலையக் கட்டணம், வாடகை ஆகியவற்றைப் பகிரலாம். ஆனால் தம் சம பங்கைவிடக் குறைவாகத் தரக் கூடாது.

இந்தியாவில் குடிசார் வான்போக்குவரத்துத் தலைமை இயக்ககம் இத்துறையை ஒழுங்குபடுத்துகிறது. 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்துக்கு மாற்றாக, 2024இல் இயற்றப்பட்ட பாரதிய வாயுயான் அதிநியம் 2025 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. தனிப் பயன்பாட்டுக்கான வானூர்தியைக் கட்டணத்துக்கு இயக்க முடியாது. அதற்குத் தனி இயக்க அனுமதி வேண்டும். எரிபொருளும் ஒரு தடையாக இருந்து வந்துள்ளது. இலகு வானூர்திப் பொறிகள் பலவற்றுக்குத் தேவையான ஆவ்காசு 100 எல்எல் இறக்குமதியாகவே வந்தது. இந்தியன் ஆயில் நிறுவனம் 2022 செப்டம்பரில் உள்நாட்டில் உற்பத்தியான ஆவ்காசை அறிமுகப்படுத்தியது.

விலகுதல்

பங்குடையவர் ஒருவர் விலகும்போது அவருடைய பங்கை முதலில் மற்றவருக்கும், அவர்கள் மறுத்தால் குழு ஏற்கும் வெளியாருக்கும் விற்பது வழக்கம். பொறி நிதியில் அவர் செலுத்திய தொகை திருப்பித் தரப்படுவதில்லை. அவர் ஓட்டித் தேய்த்த மணிகளுக்கு ஈடாக அது வானூர்தியுடனேயே தங்கும். நிதி நிறைவாக உள்ள பங்குக்கு நல்ல விலை கிடைப்பதால் அவருக்கு இழப்பில்லை. வாங்குபவர் வரும்வரை மாதத் தொகையை விலகுபவரே செலுத்த வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத மறந்த குழுக்களில், ஆறு பேருக்கான நிலைச் செலவு ஐவர் மீது விழுந்து, ஆளுக்கு ஆண்டுக்கு 72,000 ரூபாயாக இருந்தது 86,400 ரூபாயாக உயரும்.